கிணற்றடிப் பேய்

“பேஸ்புக்கில போட்ட அந்தக் கதைய இப்பவே அழி! ஆக்கள் குடியிருக்கிற வீட்டுக்குப் பேய ஏத்தி விட்டிருக்காய். வெக்கமில்ல?”

கம்சாயினி போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“கதைதானேம்மா. பழுகாமம் ஊரே வாசிக்குது. பயம் பயம் எண்டு சொல்லிக்கொண்டே ரெண்டாந்தரமும் வாசிக்கிறாங்க.”

அதுதான் அன்னப்பூரணிக்குப் பொறுக்கவில்லை. கதையில் பேர் இல்லாவிட்டால் என்ன? வாவிக்கரையில், நாவல் மரத்துக்குக் கீழே கிணறு உள்ள வீடு விதுர்ஷாவின் வீடு மட்டும்தானே? அந்தக் கிணற்றில் வெறும் வாளி தானாக இறங்குமாம். வேலியால் எட்டிப் பார்க்கிறவனை, தண்ணீருக்குள் இருந்து அவனுடைய முகமே கூப்பிடுமாம். இப்போது தோணிக்காரர்கள்கூட அந்தக் கரையில் ஒதுங்குவதில்லை.

“அவள்ட மாப்பிள்ள கட்டாரில. கைக்குழந்தையோட தனிய இருக்கிறவள். எப்பிடிகா நித்திரை கொள்ளுவாள்? அழி எண்டா அழி!”

“இத மட்டும் ஏலாம்மா.”

அன்னப்பூரணி கொக்கட்டிச்சோலைக் கோயில் விபூதியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, தானே புறப்பட்டாள். மன்னிப்பும் கேட்கலாம், கிணற்றடியில் விபூதியும் தூவலாம்.

விதுர்ஷா கிணற்றடியில் பட்டப்பகலில் குளித்துக்கொண்டிருந்தாள். வாயில் பாட்டு வேறு.

“பயமில்லையா புள்ள?”

“இப்ப இல்ல மாமி.”

“ஒண்டும் யோசிக்காத. மகளுக்கு ஏசி, இண்டைக்கே கதைய அழிப்பிக்கிறன்.”

விதுர்ஷாவின் கையிலிருந்த வாளி நழுவியது.

“ஐயோ மாமி, வேணாம்! நான்தான் அவளிட்ட அழுதன்.” கிடுகு வேலியைக் காட்டினாள். கண் வைக்கிற அளவுக்கு அங்கங்கே ஓட்டைகள். “நான் குளிக்கக்குள்ள பொடியன்கள் போனும் கையுமா வந்து நிப்பாங்க. அடைக்க அடைக்கப் பிரிச்சாங்க. வெளிய சொன்னா என்னத்தான் பிழையாக் கதைப்பாங்க. கதை வந்த பிறகுதான் ஒருத்தனும் வாறதில்ல.”

அன்னப்பூரணி விபூதியை எடுத்து அவளுடைய ஈர நெற்றியில் பூசிவிட்டு வெளியே வந்தாள்.

ஒழுங்கை திரும்பும் முடக்கில் நாலைந்து பொடியன்கள் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள்.

“என்ன மாமி, கையெல்லாம் விபூதி, பேயக் கலைச்சிட்டீங்களா?” கேட்டவனின் பார்வை வேலிப்பக்கம் போய்வந்தது.

பொய் சொல்லி அறியாத அன்னப்பூரணி, கோயில் இருந்த திசையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

“இல்ல மனே. இப்பத்தான் என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டுட்டு வாறன்.”