எரிந்த சரிவின் மண்

இன்குபேட்டரைத் திறந்ததும் மழை பெய்த காட்டின் வாசனை ஆய்வகத்தில் பரவுகிறது. தீயில் கருகிய மலைச்சரிவின் மண்ணில் உயிரே மிஞ்சியிருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த மண்ணைத் தூவி, மூடி, இன்குபேட்டரின் வெதுவெதுப்பில் வைத்திருந்த கண்ணாடித் தட்டை ஆய்வாளர் ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்துகிறாள். மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பில் புள்ளிகள்; நடுவே கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. அந்த மண்ணைச் சுமந்து வந்த வனக்காவலரான அவள் கணவன் வாசலிலேயே தயங்கி நிற்கிறான். "ஏங்க, உள்ள வந்து பாருங்க. அத்தனையும் பாக்டீரியா. எத்தனை வகை!" அவன் உள்ளே வந்து தட்டின் மேல் குனிகிறான். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வரலையே!" அவள் சிரிப்பில் தட்டு குலுங்குகிறது. "அப்ப அங்க மறுபடி மரக்கன்னு வச்சா புடிக்குமா?" இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "புடிக்கும்னுதான் தோணுது." அவன் விடும் நீண்ட மூச்சில் கண்ணாடி மங்குகிறது. அது தெளியும்வரை இருவரும் தலையோடு தலை ஒட்டிக் காத்திருக்கிறார்கள்.