நான்காவது வரி

"மேல இருந்து வாசிங்கக்கா" என்று கண்ணாடிக் கடைப்பெண் சொன்னதும் அமுதவள்ளி சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

சோதனை அவள் கண்ணுக்கு. கண்ணாடி வாங்கப்போவது அவள் கணவன் விஜயபாண்டிக்கு.

அருப்புக்கோட்டையில் பள்ளி வேன் ஓட்டுகிறவன் அவன். பரளச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் காலையும் சாயங்காலமும் அவன் வண்டியில்தான். அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா அமுதவள்ளி. அவனுக்குத் தூரப் பார்வை மங்கி இரண்டு வருடமாகிறது. அது இவர்கள் இருவரைத் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாது.

போன வருடம் டிரைவர்களுக்கு நடந்த கண் முகாமில், முன்னால் நின்ற நல்லமுத்து வாசித்ததைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்துவிட்டு வந்தான். பிட்டு அடித்துப் பாஸான பெருமை வேறு.

கண்ணாடி மாட்டினால் வேலை போய்விடும் என்பது அவன் பயம். மாட்டாவிட்டால் என்ன போகும் என்பது அவள் பயம்.

செல்போனில் ஒரு வழி கிடைத்தது. பவர் வைத்த கூலிங்கிளாஸ், எழுநூறு ரூபாய், வீட்டுக்கே வந்துவிடும். கடைகளில் அதே சாமானுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடி என்றால் வெயிலுக்குப் போட்டிருக்கிறான் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். ஆனால் பவர் நம்பரைப் போடாமல் அடுத்த பக்கம் திறக்கவே இல்லை.

சோதனைக்கு வர அவன் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டான். எந்தக் கடைக்குப் போனாலும் பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பாராம்.

அதனால் நேற்று வீட்டில் ஒத்திகை நடந்தது. தினசரி காலண்டருக்கு எதிரே பத்தடி தள்ளி அவனை நிற்கவைத்து, இவள் காலண்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். தேதி தெரிந்தது. கிழமை தெரிந்தது. தமிழ் மாதம் தட்டுத்தடுமாறி வந்தது. நல்ல நேரம் வரவில்லை.

ஆக, மூன்று வரி. நான்காவதில் தெரியவில்லை என்று சொன்னால் அவனுடைய நம்பர் வந்துவிடும். கண் டாக்டர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு இதைவிட நேரான வழி எதுவும் தோன்றவில்லை.

பெரிய கடைகளில் கண்ணுக்குள் பார்க்கிற மெஷின் இருக்கிறது, அதனிடம் பொய் எடுபடாது என்று, சின்னக் கடையாகத் தேடி வந்திருந்தாள். இருந்தாலும் அந்தப் பெண் தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையை எழுத்துப் பலகைக்கே திருப்பிக்கொண்டாள்.

முதல் வரியை வாசித்தாள். இரண்டாவதையும் வாசித்தாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். மூன்றாவது வரியை அவனைப் போலவே தடுமாறி, தலையை முன்னால் நீட்டி வாசித்தாள். நடிப்பு இவ்வளவு நன்றாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அடுத்த வரி?"

தெரியவில்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எதை மறைக்கிறோம் என்றாவது பார்த்துக்கொள்வோமே என்று கண்ணை ஓட்டினாள்.

அங்கே எழுத்தே இல்லை. கறுப்பாக ஏதோ கலைந்து கிடந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "தெரியலம்மா" என்றாள்.

அந்தப் பெண் கனமான வட்டச் சட்டம் ஒன்றை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸ் சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். நான்காவது வரி வந்தது. ஐந்தாவதும் வந்தது. கடைக்கு எதிரே நின்ற பஸ்ஸில் 'திருச்சுழி' என்று எழுதியிருந்தது. அதன் ஜன்னலில் ஒரு கிழவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பல் கூடத் தெரிந்தது.

தூரம் என்றால் எல்லோருக்கும் புகையாகத்தான் இருக்கும் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"இம்புட்டு பவர வச்சுக்கிட்டு ரோட்டுல எப்பிடிக்கா நடந்தீக?"

அவள் ரோட்டில் நடந்ததோடு நிற்கவில்லையே. இரண்டு வருடமாக வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து, மாடு நிற்கிறது, எதிரே லாரி வருகிறது, இப்போது முந்தலாம் என்று விஜயபாண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது அவள்தான். தனக்குத் தெரியாததை இவள் பார்த்துச் சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில்தான் அவன் வண்டியை எடுத்தான். பதினான்கு பிள்ளைகளும் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

வெளியே வேனில் காத்திருந்த விஜயபாண்டி ஹாரன் அடித்தான். பள்ளி விட இருபது நிமிடம்தான் இருந்தது. சட்டத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நம்பர் எழுதிய சீட்டைக்கூட வாங்காமல் வாசலுக்கு ஓடினாள்.

விஜயபாண்டி வேனை ரிவர்ஸ் எடுக்கத் தலையை வெளியே நீட்டினான். "வள்ளி, பின்னாடி பாரு. வரலாமா?"

வேனுக்குப் பின்னால், தரையோடு, நீலமாக ஏதோ இருந்தது.

நேற்றாக இருந்தால், 'பிளாஸ்டிக் கொடந்தேன் இருக்கு, வாங்க' என்று இங்கிருந்தே கை காட்டியிருப்பாள்.

ஓடிப்போய் வண்டியைப் படபடவென்று தட்டி நிறுத்தினாள். பின்பக்கம் நடந்து போய்க் குனிந்து பார்த்தாள்.

அந்த நீலம் உட்கார்ந்து சின்னஞ்சிறு செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தது.