ஒன்றாம் பொத்தான்

அவள் கட்டைவிரல் ஒன்றாம் பொத்தானின் மேல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.

டிவிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியில் இரண்டு மட்டும் எரிந்தது. இரண்டு என்றால் அவள். மூன்று, மகள் செண்பகா. சென்னைக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. இன்னும் சற்று நேரத்தில் டிவியில் வந்து பாடப்போகிறாள்.

ஒன்று என்றால் அவர்.

அவர் வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில்.

பேங்க் பரீட்சையை எழுதாமல் பாடப் போனவளை நான் பார்க்க மாட்டேன் என்று சொன்ன மனிதர். ஞாயிறுதோறும் அந்த நேரத்துக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். போன வாரம் வரை இரவு ஏழு மணிக்குக் கழுவினார். சோப்பை எப்படித்தான் ஜன்னல் வரை தெளிப்பாரோ, திங்கள்கிழமை கம்பியைத் துடைப்பது அவளுக்கு ஒரு வேலை.

நிகழ்ச்சி மத்தியானம் இரண்டு மணிக்கு மாறியது அவருக்கு எப்படித் தெரிந்தது? அதை யோசிக்கும் நிலையில் அவள் இல்லை.

காலையில் செண்பகா போனில் அழுதிருந்தாள்.

"ரேட்டிங் விழுந்துதான் ரெண்டு மணிக்குத் தள்ளிட்டாங்கம்மா. இந்த வாரமும் ஏறலேன்னா எட்டுப் பேர்ல நாலு பேரை ஒரேயடியா அனுப்பிருவாங்களாம். நான் ஏழாவதா நிக்கேன்."

ரேட்டிங் கணக்கெடுக்கும் அந்தப் பெட்டியை மாட்டியவர் அன்று விளக்கியிருந்தார். பார்க்க உட்காருகிறவர் தன் பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்து போனால் அணைக்க வேண்டும். எல்லா வீட்டிலும் இந்தப் பெட்டி கிடையாது. இந்த வீட்டில் ஒருவர் உட்கார்ந்தால் வெளியே பல ஆயிரம் பேர் உட்கார்ந்த மாதிரி.

அன்று பெருமையாக இருந்தது.

அப்படியென்றால் இப்போது பல ஆயிரம் அப்பாக்கள் வாசலில் ஸ்கூட்டர் கழுவுகிறார்கள்.

செண்பகாவின் பெயரைச் சொன்னார்கள். மேடையில் விளக்கு எரிந்தது.

அவள் அழுத்திவிட்டாள்.

பெட்டியில் ஒன்று எரிந்தது. பக்கத்து வீட்டு முருங்கையைப் பறித்தது போல இருந்தது.

மகள் பல்லவியை முடித்து அனுபல்லவிக்கு வந்தபோது, வாசலில் போன் அடித்தது. அவருடைய போன். ஈரக் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், டிவி மீட்டர் ஆபீஸ்லேர்ந்து பேசுறோம். சும்மா ஒரு செக்கிங். இப்போ உங்க வீட்ல யார் யார் டிவி பாக்குறீங்க?"

அவள் வாசல் பக்கம் காதை வைத்தாள்.

இப்படி இடையில் கூப்பிடுவோம் என்றும் அன்றே சொல்லியிருந்தார்கள். இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். டிவியில் வருகிறவர்கள் வீட்டில் பெட்டி இருக்கக் கூடாது. செண்பகா தேர்வானதை அவள் இன்னும் சொல்லவில்லை. அவர் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டால் போதும். பெட்டி போய்விடும். ஒன்றும் போய்விடும், இரண்டும் போய்விடும்.

டிக்கெட் எடுக்காமல் ஒரு ஸ்டாப் கூடப் போகாத மனிதர். பொய் வராது.

குழாய் நின்றது.

"நானும் வீட்டம்மாவும்" என்றார்.

"என்ன நிகழ்ச்சி சார்?"

"பாட்டுப் போட்டி."

"சரிங்க சார். ரொம்ப நன்றி."

போனில் பேசிய பெண் வைக்கப் போனாள். அவர் விடவில்லை. யாரும் கேட்காமலே சொன்னார்.

"ஒரு பொண்ணு பாடுது. நல்லாத்தான் பாடுது."

குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. அவள் திரும்பினாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கையில் போன். சோப்பு நுரை வழிகிற மறு கையால் கம்பியைப் பிடித்திருந்தார்.

திங்கள்தோறும் அவள் துடைக்கிற அதே கம்பி.