நாலிலிருந்து ஆறு

"இருபத்தஞ்சு அபாயா. இரட்டைக் கூலி தாறன். என்ன சொல்றாய் றாபியா?"

கல்முனையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெமீல், துணிக்கட்டைத் தையல் மேசையில் வைத்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் பத்து நாள்.

"ஏலா காக்கா. பத்து நாளைக்குள்ள முடிக்கணுமெண்டா பின்னேரமும் தைக்கணும். நாலு மணிக்குப் பிறகு நான் தைக்கிறல்ல."

"நாலு மணிக்குப் பிறகு என்ன வேலை?"

"ஒரு வேலையுமில்ல. அதுக்குத்தான் நிப்பாட்டுறன்."

ஜெமீலுக்குச் சுர்ரென்று ஏறியது.

"உன்ட மாப்பிள்ள மௌத்தாகி, நீ தனிச்சு மூணு வருஷம். மகள் ஒலுவில் கெம்பஸ்ல படிக்கிறாள். சீசன்ல உழைக்காம வேற எப்ப உழைக்கப் போறாய்? யோசிச்சிக் கதை."

"யோசிச்சித்தான் கதைக்கிறன். அவள்ட படிப்புக்கும் எங்கட சோத்துக்கும் இப்ப உழைக்கிறதே காணும். அதுக்கு மேல வாற காசுக்கு என்ட பின்னேரத்த விக்கமாட்டன்."

"இதுக்குப் பேர் சோம்பல்."

"ஓம். அப்படியே வச்சிக்கங்க."

"மருதமுனையில தைக்க ஆளில்லையா? இனி என்ட கடைத் துணி ஒண்டும் உனக்கு வராது!"

"நல்லது காக்கா. இந்தத் துணிக்கட்டையும் மறக்காமக் கொண்டு போங்க."

அவர் போனபோது மணி நாலு. றாபியா கதவைச் சாத்தினாள்.

அரை மணித்தியாலத்தில் போன் அடித்தது. அவளிடம் கூலிக்குத் தைக்கிற சிபானாவின் கணவன் நிப்றாஸ்.

"ராத்தா, சிபானா போன் எடுக்கிறாளில்ல. அவள இப்பவே அனுப்புங்க. வூட்ட ஆக்கள் வந்திருக்காங்க, ராச்சாப்பாடு ஆக்கணும். காலைல போட்ட பாத்திரமும் அப்படியே கிடக்கு."

"நீங்க எங்க இருக்கீங்க தம்பி?"

"வூட்டதான்."

"அப்ப நீங்க கழுவுங்க."

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? சுபஹுத் தொழுகைக்கு முந்தி எழும்பினவள் அவள். இன்டைக்கு மட்டும் முந்தி விட்டா என்ன? கொஞ்சமும் இரக்கமில்லையா உங்களுக்கு?"

றாபியா போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, நூல் கோக்காமலே கொஞ்ச நேரம் ஓட்டினாள்.

"கேக்குதா? பெருநாள் வேலை மலை போலக் கிடக்கு. ஆறு மணி வரைக்கும் சம்பளம் குடுக்கிறன். ஒரு நிமிஷம் முந்தியும் விடமாட்டன்."

போனை வைத்தாள். பிறகு, நாலு மணிக்கே பாயை விரித்துப் படுத்து, மெஷின் சத்தத்துக்கும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த சிபானாவின் பக்கம் ஃபேனைத் திருப்பிவிட்டாள்.