குடை நிழல்

மழை வந்து தண்ணீர் ஏறும்வரை யாரும் தூண்டில் போடக் கூடாது என்று அணைக்கரையில் எழுதி வைத்திருந்த பலகைக்கு முதுகைக் காட்டித்தான் எபநேசர் உட்கார்ந்திருந்தார். மீன் தின்னும் ஆசைகூட அவருக்குக் கிடையாது. தூண்டில் வெடுக்கென்று இழுபடும் அந்த ஒரு நொடிக்காக வந்திருந்தார். வெயிலுக்கு விரித்த குடையின் நிழல் தண்ணீரிலும் கொஞ்சம் விழுந்தது. எங்கெங்கோ தவித்துக்கொண்டிருந்த மீன்களெல்லாம் வந்து அதற்குள் ஒண்டின.

காவல்காரர் ஒச்சப்பன் வருவதைக் கண்டதும் தூண்டிலைத் தரையில் போட்டுத் துண்டால் மூடினார்.

ஒச்சப்பன் தண்ணீரை எட்டிப் பார்த்தார். கடுகடுவென்று வந்த முகம் இளகிவிட்டது.

"சூடு தாங்காம தெனமும் செத்து மெதக்குதுக, சார். நீங்க ஒருத்தராவது குடை பிடிக்கணும்னு நெனச்சீங்களே! அசையாம இருங்க, நான் தென்னங்கீத்து கொண்டாந்து போடுறேன்."

எபநேசரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குடையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தண்ணீரின் பக்கம் இன்னும் நீட்டினார். உச்சிவெயில் அவருடைய வழுக்கையில் இறங்கியது.

போகத் திரும்பிய ஒச்சப்பன் நின்றார்.

"அதுகளுக்குக் குடுத்துட்டு நீங்க காயுறீங்களே, சார். இந்தத் துண்டையாச்சும் தலையில போட்டுக்கிறக் கூடாதா?" என்றபடி குனிந்தார்.

எபநேசரின் இரண்டு கைகளிலும் குடை இருந்தது.