கை ஏந்திய நீர்

ஆடி அமாவாசையன்று ஆற்றங்கரையில் அப்பா எள்ளும் நீருமாகக் கையை ஏந்தி நின்றார். தர்ப்பணம் செய்துவைக்கும் ஐயர், "தாத்தா பேரு?" என்று கேட்டார். அந்த இடத்தில் ஆண்டுதோறும் "சிவன்" என்றுதான் அப்பா சொல்வார். பெயர் தெரியாதவருக்கு அப்படிச் சொல்வது வழக்கம். அப்பாவின் அப்பாயி குருவம்மாள், பண்ணைவீட்டில் வேலை செய்தபோது அவருடைய தகப்பனைப் பெற்றவள். யாருடைய பிள்ளை என்று கடைசிவரை அவள் வாய் திறக்கவில்லை.

இந்த முறை பெயரோடு வருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வம்சம் தேடும் மாலை வகுப்பில் கற்றபடி, பண்ணைவீட்டு வாரிசு ஒருவரிடம் கெஞ்சி எச்சில் வாங்கி, அப்பாவுடையதோடு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

"சொல்லுடா," என்றார் அப்பா.

"அந்த வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல ஒருத்தர்ப்பா. யாருன்னு பிரிக்க முடியல. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருப்பேன்."

"சட்டுனு சொல்லுங்க, கூட்டம் நிக்குது," என்றார் ஐயர்.

"தாத்தா பேரையே மகன்கிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அதற்குள் அப்பாவின் விரலிடுக்கில் நீரெல்லாம் ஒழுகிப்போய், எள் மட்டும் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அவர் என் காதருகே குனிந்தார்.

"அப்பாயிய ஒருத்தன்தானாடா? இல்ல, ரெண்டு பேருமா?"

அண்ணனா, தம்பியா என்று மாதக்கணக்கில் குழம்பிய எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஐயர் மறுபடியும் அவர் கையில் நீர் வார்த்தார்.