நம்ம ஆளுங்க

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் நான் வீடு விடுறதில்ல" என்றார் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

வீடு கேட்டு வந்த பஸ் டிரைவர் உடனே தலையாட்டினான். அதோடு விட்டிருக்கலாம்.

"விடவே கூடாது சார். சுத்தம்னா கிலோ என்ன விலைன்னு கேப்பானுங்க!"

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அந்த ஆட்களின் சமையல், சத்தம், கும்பல் கும்பலாக வந்து தங்கும் உறவுக்காரர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காறித் துப்பினார்.

டிரைவர் ஒரு படி மேலே போனான். அவர்கள் பேசுவதை மூக்கால் இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினான். அச்சு அசல்.

பக்கத்தில் அவன் மனைவி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

அவள் அந்தப் பக்கத்துப் பெண். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். அப்படித் திறந்துதான் இதற்கு முன் பார்த்த வீடுகள் எல்லாம் கைநழுவின.

ஒருமுறை நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கோபமில்லை. செருப்புக் காலால் எதையோ மிதித்துவிட்டால், தேய்ப்பதற்கு முன் குனிந்து பார்ப்போமே, அந்தப் பார்வை.

அதற்குள் வீட்டுக்கார அம்மா வந்து, அடுப்படியைக் காட்டுவதுபோல் சைகை செய்து, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஆண்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பேச்சு கேட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு.

டிரைவர் சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பினான். போச்சு, திறந்துவிட்டாள்.

ஆனால் அது அவள் குரல் இல்லை. வயதான குரல். அதே மொழி, அதே இழுவை, பிறந்ததிலிருந்து பேசுகிறவளின் சரளம்.

கோபம் தலைக்கேறினால் அவன் மனைவி அவனைத் திட்ட ஒரு சொல் வைத்திருந்தாள். மானங்கெட்டவன் என்று அர்த்தம். அந்த வயதான குரல் அதே சொல்லைச் சொன்னது.

பன்மையில்.

உள்ளே இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தலைமையாசிரியர் எழுந்துபோய் மின்விசிறியைக் கடைசி வேகத்தில் வைத்தார்.

"தண்ணிக்கு இங்க பிரச்சினையே இல்ல" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.